மினி மெட்ரோ என்றால் மினியா?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். 1983ஆம் ஆண்டு ஆஸ்டின் மினி மெட்ரோ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. "இதுவும் மினிதான்" என்று சொல்லி, பழைய மினி காருக்குச் சொல்லும் விலையையே சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். 1980 அக்டோபரில் பிரிட்டிஷ் லேலண்ட் இந்தக் காரை இறக்கியபோது, பெயரைத் தொழிலாளர்களிடமே வாக்கெடுப்புக்கு விட்டார்கள். மெட்ரோ, மேஸ்ட்ரோ, மேட்ச் மூன்றில் ஜெயித்தது மெட்ரோ. ரயில் பெட்டி கட்டும் மெட்ரோ-கேமல் நிறுவனம் "அது எங்கள் பெயர்" என்று கிளம்பவே, முன்னால் மினியை ஒட்டவைத்தார்கள். விற்பவர் இப்போது காசாக்கப் பார்ப்பது அந்த ஒட்டைத்தான்! இளவரசி டயானா திருமணத்துக்கு முன் ஓட்டியது மெட்ரோ என்ற கதையும் அடுத்து வரும். உண்மைதான், ஆனால் உங்கள் வண்டியை அல்ல.

உறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மினியின் ஏ-சீரிஸ் என்ஜின்தான் இதிலும். கியர்பாக்ஸ் என்ஜினுக்கு அடியிலேயே உட்கார்ந்து அதே ஆயிலைக் குடிக்கிறது. அதனால் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள்.

சஸ்பென்ஷன் வேறு விதம். ஸ்பிரிங்குக்குப் பதில் நைட்ரஜனும் திரவமும் அடைத்த ஹைட்ராகாஸ் உருண்டைகள். நாளாக ஆக இறங்கிவிடும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் டயருக்கு மேலே இருக்கும் இடைவெளியில் கையை விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் நாலு விரல் போய் மறுபக்கம் இரண்டுதான் போகிறது என்றால் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. திரும்ப ஏற்றும் பம்ப் எல்லாப் பட்டறையிலும் கிடைக்காது. அப்புறம் துரு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரத்தில் ஒரு காந்தத்தை வைத்து நகர்த்துங்கள். வழுக்கி விழும் இடத்தில் தகரம் போய் பட்டி பூசியிருக்கிறார்கள்.

40 வயது தாண்டியதால் சாலை வரி கிடையாது, புகை அதிகம் விடும் வண்டிகளிடம் லண்டனில் வசூலிக்கும் யூலெஸ் கட்டணமும் இல்லை. ஆனால் லாக்புக்கில், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தில், 'ஹிஸ்டாரிக்' (பழங்கால வண்டி) வகைக்கு மாற்றியிருக்க வேண்டும். வண்டி சாலையில் ஓடத் தகுதியா என்று ஆண்டுதோறும் பார்க்கும் எம்.ஓ.டி. சோதனையும் கட்டாயமில்லைதான். இருந்தாலும் ஒன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள், மறுத்தால் புரிந்துகொள்ளலாம்.

தினசரி ஓட்டவா, ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கா என்று நீங்கள் எழுதவில்லை. இதே உடம்போடு ரோவர் 100 என்ற பெயரில் கடைசிவரை விற்ற கார், 1997இல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை அளக்கும் யூரோ என்கேப் அமைப்பின் சோதனையில் ஒரே ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது. அதே ஆண்டு முடிவில் உற்பத்தியும் நின்றது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுவிடத்தான் என்றால் வேறு வண்டி பாருங்கள்.