ஆன்ட்டியைக் கேளுங்கள்: ராதிகா, சித்தி, மாலை ஆறு மணி விளக்கு

போன இதழில், "ராதிகாவுக்கு நடிப்பு எவ்வளவு வருமோ, அதற்கு மேலே கணக்கு வரும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்து ஆசிரியர் தம்பி, "ஆன்ட்டி, இந்த மாதம் வேறு எதுவும் வேண்டாம், இதற்கே பதில் சொல்லுங்கள்" என்று கட்டாக அனுப்பிவிட்டார். டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் வருஷக்கணக்காக வீடியோ கடை நடத்தியவள் நான். ராதிகாவைப் பற்றிப் பேசச் சொன்னால் கசக்குமா? சரி, வரிசையாக வருகிறேன்.

ராதிகாவைக் கணக்குப்பிள்ளை ரேஞ்சுக்கு இறக்கிவிட்டீர்களே, நியாயமா? அவர் நடிப்பை நீங்கள் பார்த்ததே இல்லையா? (ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்)

கோபம் வேண்டாம்மா, நான் சொன்னது பாராட்டு. நடிப்பைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கவும் வேண்டாம். 'கிழக்குச் சீமையிலே' கேசட்டை என் கடையில் தேய்ந்து கோடு விழுகிற வரைக்கும் வாடகைக்கு விட்டிருக்கிறேன். திருப்பிக் கொடுக்க வருகிற ஆயாக்கள் கவுண்டர் முன்னால் நின்றுகொண்டு ராதிகா நடித்த விருமாயிக்காக இன்னொரு தரம் அழுதுவிட்டுத்தான் போவார்கள். அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பொம்பளை நம் ஊரில் எந்தத் தெருவில் இல்லை?

நான் சொல்ல வந்தது வேறு. தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். அவர் பிறந்தது 1962. பாரதிராஜா 'கிழக்கே போகும் ரயில்' எடுத்தது 1978. அப்போது பதினாறு வயசுகூட நிரம்பவில்லை. 1982இல் 'போக்கிரி ராஜா', 'மூன்று முகம்' என்று ரஜினிக்கு ஜோடி. தெலுங்கில் சிரஞ்சீவியோடு 'நியாயம் காவாலி', அப்புறம் 1986இல் கமலோடு 'சுவாதி முத்யம்'. அந்தப் படம் இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கே அனுப்பப்பட்டது. இப்படி ஓடிக்கொண்டிருந்தவருக்கு 1995இல் 'பசும்பொன்'னில் என்ன வேஷம்? பிரபுவுக்கு அம்மா! பிரபு அவரைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ராதிகாவுக்கு அன்றைக்கு 33 வயதுகூட ஆகவில்லை.

அந்த வேஷத்தை அவர் பிரமாதமாகச் செய்தார், அது வேறு விஷயம். ஆனால் கதாநாயகிக்கு முப்பது தாண்டினால் தலையில் வெள்ளைச் சாயம் அடித்து மூலையில் உட்காரவைப்பதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். அவரோடு வந்தவர்களில் பலபேர் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஒதுங்கினார்கள், இல்லாவிட்டால் வருஷத்துக்கு ஒரு அம்மா வேஷத்துக்குக் காத்திருந்தார்கள். இவர் காத்திருக்கவில்லை. ராடான் என்று சொந்தக் கம்பெனி வைத்துக்கொண்டு டிவிக்குப் போனார்.

அப்போதெல்லாம் சினிமாக்காரர்கள் டிவிக்குப் போவது என்றால் மார்க்கெட் போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் டிவியில் இருந்த வியாபாரம் வேறு மாதிரி. சானலுக்குப் பணம் கட்டி அரை மணி நேரத்தைத் தயாரிப்பாளரே வாங்கிக்கொள்ளலாம். அதில் வருகிற விளம்பர நேரத்தை அவரே விற்றுக்கொள்ளலாம். தொடர் ஓடினால் லாபம் அவருடையது. படுத்தால் நஷ்டமும் அவருடையதுதான். நடிகையாக மட்டும் போயிருந்தால் ஒரு நாள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். ராதிகா அரை மணி நேரத்தையே வாங்கினார். 1999 டிசம்பரில் 'சித்தி' ஆரம்பித்தது, 2001 நவம்பர் வரைக்கும் ஓடியது. அதில் அவருக்கு மூத்தாள் பெண்ணை வளர்க்கிற சித்தி சாரதா வேஷம். கதையின் நடுவில் அவர்தான். சிவகுமார் மாதிரி ஒரு பெரிய நடிகர் கூட அவருக்குப் பக்கத்தில்தான் நின்றார். சினிமா மூலையில் உட்காரவைக்கப் பார்த்த அதே வயதில், தனக்கு வேண்டிய நாற்காலியைத் தானே செய்து போட்டுக்கொண்டார். பிறகு அந்தக் கம்பெனி பங்குச் சந்தை வரைக்கும் போனது.

இதைத்தான் கணக்கு என்றேன். இனியும் கோபம் இருந்தால் அடுத்த மாதம் எழுதுங்கள்.

எம்.ஆர்.ராதா மகள் என்றால் கதவு தானாகத் திறந்திருக்குமே, இதில் என்ன பெரிய சாமர்த்தியம்? (ஒரு வாசகர், டோங்காட்)

அண்ணா, நீங்கள் 'ரத்தக்கண்ணீர்' பார்த்த தலைமுறை, தெரிகிறது. ஆனால் 1967 ஜனவரியில் நடந்ததை மறந்துவிட்டீர்கள். எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் ராதா ஜெயிலுக்குப் போனபோது இந்தப் பெண்ணுக்கு நாலு வயசு. மகள் கதாநாயகியாக வந்த 1978இல் தமிழ்நாட்டுக்கே எம்.ஜி.ஆர்தான் முதலமைச்சர். அந்த அப்பா பெயர் எந்தக் கதவைத் திறந்திருக்கும், எதைச் சாத்தியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மறு வருஷமே ராதா காலமாகிவிட்டார்.

அப்பாவிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரிவது அந்தக் குரல்தான். கொஞ்சம் கரகரப்பு, எடுத்தெறிந்து பேசுகிற தோரணை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ராதிகா என்று தெரியும். குயில் குரல் கதாநாயகிகள் நடுவில் அதை மறைக்காமல் வைத்துக்கொண்டதற்கு நான் மார்க் போடுவேன்.

எனக்குத் தமிழ் பேச வராது, ஆயா பேசினால் பாதி புரியும். ராதிகா படம் பார்க்க ஆசை. எதில் ஆரம்பிக்கலாம்? (இங்கிலீஷில் எழுதிய ஒரு மாணவி, ஃபீனிக்ஸ். தமிழில் எழுதியது நான்.)

கண்ணு, 'கேளடி கண்மணி'யில் ஆரம்பி. 1990இல் வந்தது, வசந்த்துக்கு முதல் படம். பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம் கதாநாயகன். கடற்கரையில் மூச்சு விடாமல் பாடுகிற மாதிரி ஒரு பாட்டு வரும், அதை உன் ஆயாவே முணுமுணுப்பார். நிதானமாகப் போகிற படம், சப்டைட்டிலைப் படிக்க நேரம் கிடைக்கும்.

'கிழக்குச் சீமையிலே'யை அவசரப்பட்டுத் தொடாதே. மதுரைப் பக்கத்துப் பேச்சு, எனக்கே சில இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அதை ஆயாவோடு உட்கார்ந்து பார். பக்கத்தில் டிஷ்யூ டப்பா இருக்கட்டும். இந்தக் காலத்து ராதிகா வேண்டும் என்றால் 'லவ் டுடே', 2022. பையனுடைய அம்மாவாக வந்து நாலு காட்சியில் எல்லோரையும் ஓரங்கட்டிவிட்டுப் போவார்.

எங்கள் காலத்தில் இப்படித் தேர்ந்தெடுக்கிற சௌகரியம் இல்லை. இந்தத் தென்னாப்பிரிக்காவுக்கு டிவி வந்ததே 1976இல்தான். அதற்கு முன்னால் டவுனில் அவலான், ஷா ஜஹான் என்று பயாஸ்கோப்புக்குப் போவோம். அங்கே ஹிந்திதான் அதிகம், தமிழ்ப் படம் வந்தால் திருவிழா. இந்தியா நம் நாட்டோடு வியாபாரத்தை நிறுத்தி வைத்திருந்த காலத்தில் கேசட் எல்லாம் சிங்கப்பூர், லண்டன் என்று சுற்றிக்கொண்டுதான் என் கடைக்கு வந்தது. காப்பிக்குக் காப்பி எடுத்ததில் ராதிகா முகம் சில சமயம் பச்சையாகத் தெரியும். அதையும் பார்த்து அழுதோம்.

மாலை ஆறு மணிக்கு காமாட்சி விளக்கு ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் என் மாமியார் சீரியலை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். நீங்கள்தான் அந்தக் காலத்தில் கேசட் கொடுத்துப் பழக்கினீர்களாமே? (ஒரு மருமகள், மெரிபேங்க்)

பழி என் மேலா! குற்றவாளி பூமியின் சுழற்சி, மகளே. சென்னையில் இரவு ஒன்பதரை என்றால் நமக்கு மாலை ஆறு. அங்கே சாப்பிட்டுப் படுக்கிற நேரத்துக்குப் போடுகிற தொடர் இங்கே விளக்கு நேரத்தில் வந்து விழுகிறது. 'வாணி ராணி' ஓடிய 2013 முதல் 2018 வரைக்கும் என் வீட்டிலும் இதே சண்டைதான். அதில் ராதிகா இரட்டை வேஷம். ஒருத்தி வக்கீல், ஒருத்தி வீட்டோடு இருப்பவள். 1,700க்கும் மேலே பகுதிகள். நேர்மையாகச் சொன்னால் பாதியை வெட்டிப் போட்டிருந்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. 'சித்தி'யில் இருந்த வேகம் 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி' என்று போகப் போகக் கரைந்துவிட்டது. வாரத்துக்கு ஐந்து, ஆறு நாள் அரை மணி நேரத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்றால் யார் எழுதினாலும் கதையில் தண்ணீர் ஊற்றத்தான் செய்வார்கள். நான் புகழ்ந்த அந்தக் கணக்குக்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது. லோட்ஷெடிங் என்று கரண்ட் போய் இரண்டு நாள் பார்க்காமல் விட்டாலும் மூன்றாம் நாள் எல்லோரும் அதே ஹாலில் அதே முறைப்போடு நின்றுகொண்டிருப்பார்கள்.

மாமியாருக்கு வழி சொல்கிறேன். விளக்கை ஐந்தே முக்காலுக்கு ஏற்றுங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். 'சித்தி'யின் 'கண்ணின் மணி' பாட்டு ஆரம்பித்தால் கற்பூரத்தை அணைத்துவிட்டு ஓடிவந்த பெண்களை எனக்குத் தெரியும், அவர்கள் குடும்பமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

அவருடைய கல்யாணங்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதுங்களேன். (பெயர் வேண்டாம், லெனேசியா)

உங்கள் பெயர் வேண்டாம், அவர் கதை மட்டும் வேண்டுமோ? அடுத்தவர் வாருங்கள்.

அரசியலுக்கு ஏன் போனார்? (ஒரு வாசகர், ஸ்டாங்கர்)

2024இல் விருதுநகரில் பாரதிய ஜனதா சார்பில் நின்றார், மூன்றாவது இடம் வந்தார். ஏன் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். திரையில் பார்க்கிற முகத்துக்கு ஓட்டுப் போட்ட காலம் ஒன்று இருந்தது, அது எம்.ஜி.ஆரோடும் ஜெயலலிதாவோடும் முடிந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது. என்னைக் கேட்டால் அவர் 'கோடீஸ்வரி' நடத்தியதே நல்ல பொதுவேலை. பெண்கள் மட்டும் கலந்துகொண்ட போட்டி. 2020 தொடக்கத்தில் காது கேளாத, வாய் பேச இயலாத மதுரைப் பெண் ஒருத்தி அதில் ஒரு கோடி ரூபாய் ஜெயித்தாள். அந்தப் பகுதியைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். எதிரில் ராதிகா எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

என் மகள் மெட்ரிக் முடித்துவிட்டு நடிக்கப் போகிறேன் என்கிறாள். அவள் அப்பா சாப்பிடாமல் கிடக்கிறார். ராதிகா மாதிரி வரவேண்டுமாம். என்ன செய்வது, ஆன்ட்டி? (ஒரு தாய், பீட்டர்மரிட்ஸ்பர்க்)

முதலில் அவரைச் சாப்பிடச் சொல்லுங்கள். நடிப்பு என்றாலே குடும்ப மானம் போச்சு என்கிற காலம் இல்லை இது. சாட்ஸ்வொர்த்திலேயே கதை நடக்கிற 'கீப்பிங் அப் வித் த கந்தசாமிஸ்' 2017இல் வந்து தியேட்டரில் கூட்டம் அள்ளியதே! அதில் ஜைலோஷினி நாயுடுவும் மேஷ்னி நாயக்கரும் பக்கத்து வீட்டுப் பகையை எப்படி நடித்தார்கள்! இரண்டு பேரும் நடுவயது அம்மா வேஷம், படமே அவர்களைச் சுற்றித்தான். நம் பேச்சு, நம் சமையலறை, நம் பொறாமை. உங்கள் மகளுக்கு வழி சென்னையில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, டர்பனிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் இருக்கிறது.

ஆனால் அவளிடம் ராதிகாவின் முதல் படத்தைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 1985இல், அதாவது ஏழே வருஷத்தில், 'மீண்டும் ஒரு காதல் கதை'யை அவரே தயாரித்தார். பிரதாப் போத்தன் இயக்கம். புது இயக்குநரின் முதல் படத்துக்கான இந்திரா காந்தி தேசிய விருது அதற்குக் கிடைத்தது. கதாநாயகியாகக் கொடிகட்டிப் பறக்கும்போதே கேமராவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது, பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று கற்றுக்கொண்டுவிட்டார். அதனால்தான் பிறகு டிவியில் அரை மணி நேரத்தை விலைபேசத் தெரிந்தது.

அதனால் நடிப்புப் பள்ளிக்கு அனுப்புகிற கையோடு கணக்கியலும் படிக்கச் சொல்லுங்கள். முதல் ஒப்பந்தம் வந்தால், யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அன்றைக்கே கையெழுத்து வேண்டாம், வீட்டுக்கு எடுத்துவரட்டும். மறு ஒளிபரப்புக்குப் பணம் உண்டா, ஆன்லைனில் போட்டால் பங்கு உண்டா, பாதியில் கதாபாத்திரத்தைச் சாகடித்தால் எத்தனை நாள் சம்பளம், இந்த மூன்றையும் பென்சிலால் கோடு போட்டுப் படிக்கட்டும். படித்தும் புரியாவிட்டால் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அவர் கேட்கிற ரேண்டைப் பார்த்து மலைக்காதீர்கள்.