டர்பனில் பசித்தவர்களுக்குச் சோறு போடும் பணியில் எப்படிச் சேர்வது?

கேள்வி கேட்டவர் வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறதாம். மண்டேலா நாளன்று அலுவலகத்தோடு ஒரு சமையல்கூடத்துக்குப் போய் வந்திருக்கிறார். தொடர்ந்து செய்ய ஆசை. பணம் தருவதா, பொருள் தருவதா, நேரில் போவதா என்று கேட்கிறார்.

நான் கரூர்க்காரி. டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயிலை ஒட்டிய சமையல்கூடத்தில் ஆறு வருடமாகச் சனிக்கிழமைதோறும் வெங்காயம் உரிக்கிறேன்.

நேரில் போங்கள். ஆனால் மண்டேலா நாளான ஜூலை 18 அன்று வேண்டாம். மண்டேலா 67 ஆண்டுகள் பொதுவாழ்வில் உழைத்தார் என்பதால் அன்று ஆளுக்கு 67 நிமிடம் சேவை செய்வது இங்கே வழக்கம். ஒரே நிற டீ-ஷர்ட்டில் நாற்பது பேர் வந்து மூன்று கத்தியைச் சுற்றி நிற்பார்கள். குறை சொல்லவில்லை, நானும் அப்படி வந்தவள்தான்.

உண்மையில் ஆள் வேண்டியிருப்பது டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை. நம்மூர் சத்துணவு மாதிரி இங்கேயும் 1994 முதல் பள்ளிகளில் உணவுத் திட்டம் நடக்கிறது. 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். பள்ளியை மூடினால் அந்தச் சாப்பாடும் நின்றுவிடும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் நாம் ஊருக்கு டிக்கெட் போடுகிறோம், உள்ளூர்த் தொண்டர்களும் உறவினர் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். பிள்ளைகள் தம்பி தங்கையையும் கூட்டிக்கொண்டு வரிசைக்கு வருகிறார்கள், பரிமாறத்தான் கை இருக்காது. போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நாங்கள் நாலே பேர்.

மாதத்துக்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு. அரசு உதவித்தொகைகள் பெரும்பாலும் முதல் வாரத்தில் வந்துவிடும், அப்போது வரிசை சிறியது. 20 தேதிக்கு மேல் கேட்டைத் தாண்டித் தெருமுனை வரை போகும். வேலையில்லாத, வயதுவந்த ஒருவருக்கான அரசு உதவி 2024 ஏப்ரலிலிருந்து மாதம் 370 ராண்ட் (இந்நாட்டு நாணயம்). அதில் மாவும் எண்ணெயும் வாங்கினால் எத்தனை நாள் தாங்கும்?

அடுத்து பொருள். என் முதல் நன்கொடை ஐந்து கிலோ உளுந்து. சிரிக்காதீர்கள். சமையலைப் பார்த்துக்கொள்ளும் ஆன்ட்டி (இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சு ஆங்கிலம், ஆனால் கீரை, ரசம், வடை எல்லாம் தமிழ்தான்) ஒன்றும் சொல்லாமல் வாங்கி மேல் அலமாரியில் வைத்தார். புரட்டாசியில் அது கோயில் வடையாயிற்று. வரிசையில் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஜூலுக்காரர்கள், இந்த மண்ணின் மக்கள். அவர்கள் விரும்புவது பீன்ஸ் கறியும் சோறும், குளிர்காலத்தில் கெட்டியான சூப்பும் ரொட்டியும். அதனால் வாங்கும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் இதை இன்னும் நன்றாகப் படித்தோம். டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் என்ற ஊரில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் சொட்டு வரவில்லை. எல்லோரும் அரிசி மூட்டை அனுப்பினார்கள். எதில் கழுவி எதில் வேக வைப்பது? அங்கே வேண்டியிருந்தது குடிதண்ணீர், ரொட்டி, டின் மீன்.

கடையில் நிற்கும்போது இதையும் நினைவில் வையுங்கள்: சோளமாவு, அரிசி, காய்ந்த பீன்ஸ், பருப்பு, சமையல் எண்ணெய், டின் பில்சர்ட் மீன், பிரவுன் பிரெட் இவற்றுக்கு வாட் வரி கிடையாது. வெள்ளை ரொட்டிக்கு 15 சதவீதம் உண்டு.

பணம் தருவதாக இருந்தால் யாரும் கேட்காத செலவுக்குக் கொடுங்கள். கேஸ் சிலிண்டருக்கு, பாத்திரம் கழுவும் சோப்புக்கு. அரிசிக்குத் தர பத்துப் பேர் இருப்பார்கள், சிலிண்டர் தீர்ந்தால்தான் முழிப்போம். அமைப்புக்கு என்பிஓ (லாப நோக்கமில்லாத அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா, 18ஏ ரசீது தருவார்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அந்த ரசீது இருந்தால் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழிவு கிடைக்கும்.

வேலைக்கு வருவோம். முதல் நாளே கரண்டி கேட்காதீர்கள். நான் கேட்டேன், கொடுத்தார்கள். இங்கே சனங்கள் தட்டுக்குப் பதில் பழைய ஐஸ்கிரீம் டப்பா கொண்டு வருவார்கள், இரண்டு லிட்டர் பிடிக்கும். அந்த டப்பாவில் ஒரு கரண்டி பிரியாணி போட்டால் அடியில் எங்கோ கிடக்கிற மாதிரி இருக்கும். மனசு கேட்காமல் ஒன்றரை, இரண்டு என்று போட்டேன். டெக்கின் (பெரிய பிரியாணிப் பாத்திரத்தை அப்படித்தான் சொல்வார்கள்) அடி தட்டியபோது வரிசையில் இன்னும் இருபது பேருக்கு மேல். அவர்களுக்கு ரொட்டி மட்டும்தான். ஒரு பாட்டி, இங்கே கோகோ என்பார்கள், காலி டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு ரொட்டிக்கு இரண்டு கையையும் நீட்டினார். ஆன்ட்டி அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கரண்டியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு என்னை வெங்காய மூட்டைக்கு அனுப்பினார். இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

பிறகு ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் வந்து பாருங்கள். இங்கே 'பாரிஜ் பிரேயர்' என்பார்கள். சோளமாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சிய கூழை, கேட்டுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கும் கொடுப்போம். அதே கோகோ ஒரு வாய் குடித்துவிட்டு, "அமாஹேவு!" என்றார். அது ஜூலுக்காரர்கள் வீட்டில் சோளமாவைப் புளிக்க வைத்துச் செய்யும் பானம். எங்கள் கூழில் உப்பு கூடிவிட்டது என்று சைகையில் சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

உங்களுக்கு எந்தப் பேட்டை பக்கம் என்று தெரியவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கோயிலோ, சர்ச்சோ, மசூதியோ, எங்கே சமைக்கிறார்களோ அங்கே போங்கள். மாதம் ஒரு நாள் போதும், ஆனால் அதே நாள். வரும்போது ஒரு நல்ல கத்தி கொண்டு வாருங்கள், எங்களிடம் இருக்கும் மூன்றும் மொட்டை.