காலைப் புல் காயும்முன் ஆட்டை ஏன் அவிழ்க்கக் கூடாது?

மலேசியாவில், சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறங்களில் நமக்கு ஏது குளிர்காலம்? ஆண்டுக் கடைசி மழைதான். அந்த மாதங்களில் வெயில் ஏறும்வரை ஆட்டைக் கொட்டகையிலேயே வைப்பார்கள். காரணம் வயிற்றுப்புழு.

வயிற்றுப்புழு என்பது ஆட்டின் இரைப்பைச் சுவரில் ஒட்டி ரத்தம் குடிக்கும் நூல் போன்ற புழு. அதன் முட்டை புழுக்கையோடு வெளியே விழும். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் ஒரு வாரத்துக்குள் குஞ்சுப்புழு தயாராகிவிடும். அதற்குக் கால் இல்லை. புல்லில் ஏற மெல்லிய நீர்ப்படலம் வேண்டும். காய்ந்த சுவரில் ஒட்டிக் கிடக்கும் நத்தை, மழை பெய்ததும் மேலே ஊர்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். புல் உலர்ந்தால் குஞ்சுப்புழு பெரும்பாலும் அடிப்பக்கமே தங்கிவிடும். அதனால்தான் மொட்டையாக மேய்ந்த திடலில் ஆபத்து அதிகம்.

சந்தேகம் வந்தால் ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இருந்தால் சரி. வெள்ளைத் துணிபோல் வெளுத்திருந்தாலோ, தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கினாலோ, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மருந்தை நீங்களாக அடிக்கடி கொடுத்தால் புழு அதற்குப் பழகிவிடும்.

மழைநாளில் நேப்பியர் என்ற தீவனப் புல்லைத் தரையிலிருந்து கொஞ்சம் உயரமாக அறுத்து, வாட்டிப் போடலாம். அப்புறம், பலகை இடைவெளி விட்ட பரண் கொட்டகை; புழுக்கை கீழே விழுந்துவிடும்.

பனித்துளியில் விஷம் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அப்படி எதுவும் இல்லை: ஆட்டுப் புழுக்கையே படாத இடத்துப் புல் நனைந்திருந்தாலும் அதில் இந்தப் புழு இருக்காது.