மின்சாரம் திரும்பியது, சர்வர் எங்கே?

வாசகர் கேள்விகள்: கணினிப் பகுதி

கேள்வி: குமுளியில் ஏலக்காய் வாங்கி விற்கும் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பும் என்னிடமே இருக்கிறது. கணக்குக் கோப்புகள் உள்ள விண்டோஸ் சர்வர், கேமரா பதிவுப் பெட்டி, எடைமேடைக் கணினி, பிரிண்டர்கள் என இருபதுக்கும் மேற்பட்ட சாதனங்கள் உள்ளன. துலாமழைக் காலத்தில் இடியோடு மின்சாரம் போய் வரும்போதெல்லாம் சர்வரின் ஐ.பி. முகவரி மாறிவிடுகிறது. புற்றடியில் ஏலம் நடக்கும் நாளன்று இருப்புக் கணக்கைத் திறக்க முடியாமல், கிடங்குக்கும் அலுவலகத்துக்கும் இடையே நடந்தே பொழுது போகிறது. கட்டளைவரியில் ஒரே கட்டளையால் எல்லாச் சாதனங்களையும் கண்டுபிடிக்கலாம் என்கிறார்கள். தொடர்ந்து கண்காணிக்கவும் வழி உண்டா?
– ஒரு வாசகர், குமுளி

பதில்: உண்டு. நீங்கள் தேடும் கருவியின் பெயர் என்மேப். கார்டன் லயான் என்பவர் 1997ஆம் ஆண்டு செப்டம்பரில் ஃப்ராக் என்னும் மின்னிதழில் வெளியிட்ட இந்த இலவச மென்பொருள், இன்றும் வலையமைப்புப் பொறியாளர்கள் முதலில் கையில் எடுக்கும் கருவியாக இருக்கிறது. உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் என்மேப்' என்று தட்டினால் நிறுவப்பட்டுவிடும். விண்டோஸுக்கும் தனி நிறுவி கிடைக்கிறது. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் அச்சிடுகிறோம். திரையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள். பேரெழுத்து வேண்டிய இடத்தை மட்டும் தனியே குறிப்பிடுகிறேன்.

முதலில் உங்கள் கணினியின் சொந்த முகவரியை 'ஐபி ஏ' என்ற கட்டளையால் தெரிந்துகொள்ளுங்கள். அது 192.168.1.23 என்று வந்தால், 'சூடோ என்மேப் -எஸ்என் 192.168.1.0/24' என்று கொடுங்கள். இறுதியிலுள்ள 24, அந்த வரிசையிலுள்ள 256 முகவரிகளையும் பார்க்கச் சொல்கிறது. '-எஸ்என்' என்பது கதவுகளைத் தட்டாமல் வீட்டில் ஆள் இருக்கிறாரா என்று மட்டும் பார்க்கச் சொல்கிறது. சில நொடிகளில், இயங்கும் ஒவ்வொரு சாதனத்தின் ஐ.பி. முகவரியும், அதன் வலையமைப்புக் கருவிக்குத் தயாரிப்பிலேயே தரப்பட்ட மேக் முகவரியும், அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் வரிசையாக வந்துவிடும். கேமரா பெட்டி எது, பிரிண்டர் எது என்பதை அந்தப் பெயரைக் கொண்டே பெரும்பாலும் பிரித்தறியலாம். இக்காலக் கைபேசிகள் வைஃபையில் சேரும்போது தற்செயலாக உருவாக்கிய மேக் முகவரியைக் காட்டுவதால், அவற்றுக்கு மட்டும் நிறுவனப் பெயர் கிடைக்காமல் போகலாம். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

கட்டளையின் தொடக்கத்திலுள்ள 'சூடோ' என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நிர்வாகி உரிமையோடு இயங்கும்போது என்மேப், தன் வலையமைப்பிலேயே உள்ள சாதனங்களை ஏ.ஆர்.பி. என்னும் முறையில் அழைக்கிறது. 'இந்த ஐ.பி. முகவரி யாருடையது?' என்று கேட்கும் அந்த அழைப்புக்குப் பதில் சொல்லாத சாதனம், அந்த வலையமைப்பில் வேறு எவரோடும் பேசவே இயலாது என்பதால், 'இருக்கிறாயா?' என்று கேட்கும் பிங் அழைப்பைத் தடுத்து நிறுத்தும், விண்டோஸின் பாதுகாப்பு அரணான ஃபயர்வால்கூட இதைத் தடுப்பதில்லை. நிர்வாகி உரிமை இல்லாவிட்டால் என்மேப் 80, 443 ஆகிய இரண்டு போர்ட்களில் (சேவைகளுக்கான எண்ணிட்ட கதவுகளில்) இணைப்புக் கேட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடும்; ஃபயர்வால் அவ்விரண்டையும் மௌனமாகக் கைவிட்டால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வரும் பட்டியலில் இடம்பெறாது. சில ஆண்டுகளுக்கு முன், கம்பத்தில் ஓர் அலுவலகத்தில் இதைக் கவனிக்காமல், சர்வர் இடியில் பழுதாகிவிட்டது என்று நான் சொல்லிவிட்டேன். அவர்கள் அதைக் கழற்றித் தேனிக்குப் பழுது பார்க்கக் கொண்டுபோனார்கள். அங்கே இணைப்புக் கொடுத்ததும் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு நாள் வேலை கெட்டது. பட்டியலில் இல்லாத சாதனம் இல்லாத சாதனமாகிவிடாது என்பதை அன்றிலிருந்து கேட்பவர்களுக்கெல்லாம் முதலிலேயே சொல்லி வருகிறேன்.

ஏ.ஆர்.பி. அழைப்பு ரூட்டரைத் தாண்டிச் செல்லாது என்பதையும் இங்கேயே சேர்த்துச் சொல்ல வேண்டும். வண்டன்மேட்டிலோ போடிநாயக்கனூரிலோ உங்களுக்கு இன்னொரு கிடங்கு இருந்து, அது வி.பி.என். என்னும் இணையவழித் தனி இணைப்பு வழியாக இணைந்திருந்தால், அங்குள்ள சர்வரை அது திறந்து வைத்திருக்கும் போர்ட்டைக் கொண்டே தேட வேண்டும். விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கு 445 என்பதால், '-எஸ்என்' என்பதை அடுத்து '-பிஎஸ்445' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் பி, எஸ் இரண்டும் பேரெழுத்துகள்.

முகவரி கிடைத்த பிறகு, அது எந்தச் சாதனம் என்று உறுதி செய்ய 'சூடோ என்மேப் -எஸ்வி' என்று தட்டி, அந்த ஒரு முகவரியை மட்டும் கொடுங்கள், வி பேரெழுத்து. வழக்கமாக அதிகம் பயன்படும் 1000 போர்ட்களைத் தட்டிப் பார்த்து, திறந்திருக்கும் போர்ட்டின் பின்னால் எந்த மென்பொருள் இருக்கிறது என்பதை இது சொல்லும். 3389 திறந்திருந்தால் தொலைவிலிருந்து திரையை இயக்கும் விண்டோஸ் வசதி, 554 என்றால் பெரும்பாலும் கேமரா, 9100 என்றால் பிரிண்டர் என்று ஊகிக்கலாம். சில பிரிண்டர்கள் 9100இல் எது வந்தாலும் அச்சடித்துத் தள்ளிவிடும் என்பதால், அந்தப் போர்ட்டில் மென்பொருள் விவரம் கேட்பதை என்மேப் தானாகவே தவிர்க்கிறது. ஆனாலும் இந்த விரிவான சோதனையை ஏலம் நடக்கும் வேளையில் செய்யாதீர்கள். பழைய எடைமேடைக் கருவிகள் எதிர்பாராத அழைப்புகளால் திணறக்கூடும்.

இனி கண்காணிப்பு. இன்றைய பட்டியலை நேற்றையதோடு ஒப்பிடும்போதுதான் புதிதாக நுழைந்தது எது, காணாமல் போனது எது என்று தெரியும். எல்லாம் ஒழுங்காக ஓடும் ஒரு நாளில் பட்டியலெடுத்து, '-ஓஎக்ஸ்' (எக்ஸ் பேரெழுத்து) என்ற தெரிவோடு கோப்பாகச் சேமித்து வையுங்கள். பிறகு எடுக்கும் பட்டியல்களை 'என்டிஃப்' என்னும் துணைக்கருவி அந்தக் கோப்போடு ஒப்பிட்டு, வேறுபாடுகளை மட்டும் காட்டும். உபுண்டுவில் அதைத் தனியாக நிறுவ வேண்டும். வாரம் ஒருமுறை இதைச் செய்தாலே, அனுமதியில்லாமல் யாரோ பொருத்திவிட்ட வைஃபை பெட்டிகூட உங்கள் கண்ணில் பட்டுவிடும்.

சர்வர் நின்றதை உடனே அறிவதற்கு அதைவிட எளிய வழி போதும். 'என்சி -இசட் -டபிள்யூ 3 192.168.1.10 445' என்ற கட்டளை, அந்தப் போர்ட் திறந்திருக்கிறதா என்று மூன்று நொடி காத்திருந்து பார்த்துவிட்டு வெற்றி அல்லது தோல்வி என்று பதில் தரும். ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை இதை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் மூலம் ஓடவிட்டு, தோல்வியானால் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதச் செய்யலாம். இயந்திரம் உயிரோடிருந்தும் கோப்புப் பகிர்வு மட்டும் நின்றுபோவது அடிக்கடி நடப்பதால், பிங்கைவிடப் போர்ட்டைச் சோதிப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். ஒரே நேரத்தில் பல சாதனங்கள் காணாமல் போனால் சர்வர்களைச் சந்தேகிக்காமல், கேபிள்களை இணைக்கும் வலையமைப்பு ஸ்விட்சைப் போய்ப் பாருங்கள். கண்காணிக்கும் கணினியையும் ஸ்விட்சையும் இன்வெர்டரில் இணைக்காவிட்டால், மின்தடையின்போது கண்காணிப்பும் சேர்ந்தே நின்றுவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், உங்கள் துன்பத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. மின்சாரம் திரும்பும்போது ரூட்டர் முகவரிகளைப் புதிதாகப் பங்கிடுவதால்தான் சர்வர் இடம் மாறுகிறது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், முகவரிகளைப் பங்கிடும் டி.ஹெச்.சி.பி. பகுதியில், முகவரியை ஒதுக்கி வைக்கும் வசதி இருக்கும். என்மேப் காட்டிய சர்வரின் மேக் முகவரியை அங்கே கொடுத்து, 192.168.1.10 போன்ற ஒரு முகவரியை அதற்கே நிலையாக்கிவிடுங்கள். கேமரா பெட்டிக்கும் பிரிண்டர்களுக்கும் அவ்வாறே செய்யுங்கள். மேலே சொன்ன ஐந்து நிமிடச் சோதனையும் முகவரி நிலையான பிறகே பொருள்படும்.

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் ஒரு கட்டடத்தின் மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. கட்டட உரிமையாளர் தரும் ஒரே இணைய இணைப்பைக் கீழ்த்தளத்திலுள்ள இன்னொரு நிறுவனமும் பயன்படுத்துகிறது. நான் என்மேப் ஓட்டியபோது அவர்களுடைய கணினிகளும் தெரிந்தன. அவற்றையும் சோதித்துப் பார்ப்பது தவறா?
– ஒரு வாசகர், பாலக்காடு மாவட்டம்

பதில்: அவர்களுடைய அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். உரிமையாளரின் அனுமதியின்றி ஒருவருடைய கணினியையோ வலையமைப்பையோ அணுகுவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு இழப்பீடு தர வேண்டிய செயலாக வைக்கிறது. அதை நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால், 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உங்கள் நோக்கம் நல்லதென்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கீழ்த்தளத்தில் இருப்பவர் தம் ஃபயர்வால் பதிவில் காண்பது உங்கள் நோக்கத்தை அன்று, உங்கள் முகவரியை மட்டுமே.

உங்களுக்கு அவர்களுடைய கணினிகள் தெரிந்தன என்றால், அவர்களுக்கும் உங்களுடையவை தெரிகின்றன. அந்தக் கவலையே முதலில் தீர்க்கப்பட வேண்டும். கட்டட உரிமையாளரிடம் பேசி, இரு நிறுவனங்களையும் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அவர் காலம் தாழ்த்தினால், உங்கள் பக்கத்தில் சொந்தமாக ஒரு ரூட்டரை வைத்து அதன் பின்னால் உங்கள் கணினிகளை இணைத்துக்கொள்ளுங்கள். பழகிப் பார்ப்பதற்கு மட்டும் வெளியே ஒரு சர்வர் வேண்டுமென்றால், என்மேப் குழுவினர் ஸ்கேன்மி.என்மேப்.ஆர்க் என்ற முகவரியில் ஒன்றை எல்லோருக்கும் அனுமதித்து வைத்திருக்கிறார்கள். நாளொன்றுக்குச் சில முறைக்கு மேல் அதைச் சோதிக்க வேண்டாம் என்பது அவர்களின் வேண்டுகோள்.