புதிய குடியிருப்போர் நலச் சங்கம்: எந்த வேலையை முதலில் கையில் எடுப்பது?

கேள்வி: தாம்பரம் மாநகராட்சியின் எல்லையை ஒட்டிய ஒரு மனைப்பிரிவில் வசிக்கிறோம். மொத்தம் 140 மனைகள். அவற்றில் 60 வீடுகளில் குடியேறிவிட்டோம். மண் சாலை, எரியாத தெருவிளக்கு, மழைக்குத் தேங்கும் தண்ணீர், நாய்த் தொல்லை, காலி மனைகளில் குப்பை, பூங்காவுக்கென்று விடப்பட்ட இடத்தில் மண்டிய புதர் எனக் குறைகள் பல உள்ளன. சங்கம் தொடங்குவதற்காக இரண்டு முறை கூடினோம். எதை முதலில் செய்வது என்ற வாக்குவாதத்தில் இரண்டு முறையும் கலைந்துவிட்டோம். சங்கத்தை முதலில் பதிவு செய்ய வேண்டுமா, அல்லது வேலையைத் தொடங்கிவிட்டுப் பிறகு பதிவு செய்யலாமா? சந்தா எவ்வளவு வைக்கலாம்?

பதில்: இரண்டு முறை கூடிக் கலைந்ததற்காக மனம் தளர வேண்டாம். அறுபது வீட்டுக்காரர்களும் தத்தம் வாசலில் தெரியும் குறையையே பெரிதாகச் சொல்வார்கள். பள்ளத்தில் வீடு கட்டியவருக்கு மழைநீர் பெரிது, வேலை முடிந்து இரவு பத்து மணிக்குத் திரும்பும் பெண்ணுக்குத் தெருவிளக்கு பெரிது. "எது பெரிய குறை?" என்று கேட்டால் இந்த விவாதம் ஒருநாளும் முடியாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு குறைக்கும் நேராக இரண்டு கேள்விகளை எழுதிப் பாருங்கள்: இது யாருடைய வேலை, இதை எந்த மாதத்தில் கேட்டால் நடக்கும்? இந்த இரண்டுக்கும் விடை எழுதியவுடன் வரிசை பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

அதற்கு முன் பதிவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். தனி வீடுகளைக் கொண்ட உங்கள் மனைப்பிரிவுக்கு இந்தச் சட்டமே பொருந்தும்; அடுக்குமாடி வீடுகளுக்கு வேறு சட்டம் இருக்கிறது, அது இங்கே தேவையில்லை. அமைப்புக் கூட்டம் நடத்தி, தீர்மானம் எழுதி, கையொப்பம் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பித்துவிடுங்கள். பதிவு எண் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. மனுக் கொடுப்பது, ஆவணங்கள் சேகரிப்பது போன்றவற்றை அன்றைக்கே தொடங்கலாம். ஆனால் பணம் வசூலிப்பதை மட்டும் பதிவு முடிந்து, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கும்வரை தள்ளிவையுங்கள். முன்பு நான் அங்கம் வகித்த ஒரு சங்கத்தில் வசூலான தொகையைப் பொருளாளரின் சொந்தக் கணக்கிலேயே போட்டு வைத்திருந்தோம். அவர் திடீரென்று காலமானார். துக்கத்தில் இருந்த குடும்பத்தாரிடம் போய் "அதில் எங்கள் பணமும் இருக்கிறது" என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. வாரிசுச் சான்று வாங்கி அந்தத் தொகை திரும்பி வருவதற்குள் ஒரு மழைக்காலமே கடந்துவிட்டது. இத்தனைக்கும் அவர் மிக நேர்மையான மனிதர்.

துணை விதிகளை, அதாவது பைலாவை, பக்கத்து நகரின் சங்கத்திடமிருந்து வாங்கி அப்படியே நகலெடுப்பது வழக்கம். அதைச் செய்யாதீர்கள். உங்கள் நிலைமைக்கென்று மூன்று செய்திகள் அதில் தெளிவாக இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் உறுப்பினராகலாமா என்பது முதலாவது. ஆகலாம் என்றே நான் சொல்வேன், ஏனெனில் தண்ணீரும் விளக்கும் அவருக்கும்தான் வேண்டும். வீட்டுக்கு ஒரு வாக்கு என்று வரையறுத்துவிட்டால் குழப்பம் வராது. வெளியூரில் இருக்கும் காலி மனை உரிமையாளர்களின் நிலை இரண்டாவது. 140இல் 80 பேர் அவர்கள்தான் என்பதால், அவர்களை ஒதுக்கி வைத்தால் காலி மனைக் குப்பைக்குத் தீர்வே கிடைக்காது. குறைந்த சந்தாவில் அவர்களையும் சேர்த்துக்கொண்டு, முகவரியையும் கைபேசி எண்ணையும் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். மூன்றாவது, நிர்வாகக் குழுவின் காலம். சட்டம் மூன்று ஆண்டுகள் வரை அனுமதிக்கிறது. புதிய சங்கத்துக்கு இரண்டு ஆண்டுகளே போதும் என்பது என் கருத்து. நிதியாண்டு முடிந்து ஆறு மாதங்களுக்குள் ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கை ஒப்புக்கொண்டு, பதிவாளருக்கு ஆண்டறிக்கை அனுப்புவதையும் மறக்கக்கூடாது. பதிவு செய்த உற்சாகத்தோடு இதை விட்டுவிட்டு, பின்னர் அபராதம் கட்டியபடி அலையும் சங்கங்கள் ஏராளம்.

வார்டு உறுப்பினரைக் கௌரவத் தலைவராக்கலாம் என்று யாராவது முன்மொழிவார்கள். மரியாதையோடு மறுத்துவிடுங்கள். நாளை யாரிடம் மனுக் கொடுக்கப் போகிறோமோ அவரையே தலைவராக வைத்துக்கொண்டால், மனுவை எழுதும்போதே கை தயங்கும்.

இனி முன்னுரிமைக்கு வருகிறேன். என் அனுபவத்தில், புதிய மனைப்பிரிவின் முதல் வேலை காகித வேலைதான். கூட்டத்தில் இதைச் சொன்னால் யாரும் கைதட்ட மாட்டார்கள், ஆனாலும் இதுதான் முதல் வேலை. உங்கள் மனைப்பிரிவின் அனுமதி எண் எது, அனுமதிக்கப்பட்ட வரைபடத்தில் சாலைகளும் பூங்காவும் எங்கே இருக்கின்றன, அவற்றை மனை விற்றவர் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டாரா என்று பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் 10 விழுக்காட்டைப் பொது ஒதுக்கீட்டு இடமாக விட்டு, அதைப் பதிவு செய்யப்பட்ட தானப் பத்திரம் மூலம் ஒப்படைத்தாக வேண்டும். 140 மனைகள் என்றால் நீங்கள் நிச்சயம் அந்த அளவைத் தாண்டியிருப்பீர்கள். ஒருவேளை உங்களுடையது அனுமதியின்றிப் போடப்பட்டு, 2017ஆம் ஆண்டின் வரன்முறைத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட மனைப்பிரிவாக இருந்தால் நிலைமை வேறு. அங்கே பூங்கா இடத்துக்குப் பதிலாகக் கட்டணம் மட்டும் செலுத்தப்பட்டிருக்கலாம்.

சாலைகள் ஒப்படைக்கப்படாத வரையில், "அது தனியார் நிலம், அதில் அரசுப் பணத்தைச் செலவிட முடியாது" என்ற ஒரே வரியில் உங்கள் சாலை மனு திரும்பி வரும். பூங்கா ஒப்படைக்கப்படாவிட்டால் இன்னும் மோசம். அதே இடம் ஒருநாள் மனை எண் 141, 142 என்று விற்பனைக்கு வரக்கூடும். ஆகவே வரைபடத்தின் நகலையும் தானப் பத்திரத்தின் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். பூங்கா அமைந்துள்ள புல எண்ணுக்கு வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். எல்லையோரப் பகுதி என்கிறீர்கள் அல்லவா, எந்தெந்தத் தெரு மாநகராட்சியில் இருக்கிறது, எது ஊராட்சியில் இருக்கிறது என்பதையும் வீட்டு வரி ரசீதுகளை வைத்து இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள். ஊராட்சிப் பகுதியென்றால் கிராம சபையிலும், மாநகராட்சிப் பகுதியென்றால் பகுதி சபாவிலும் உங்கள் கோரிக்கை பதிவாக வேண்டும். தவறான கதவைத் தட்டியே ஓராண்டை வீணாக்கியவர்கள் உண்டு.

பூங்கா இடத்தைப் பற்றி இன்னும் ஒன்று. புதரை வெட்டியவுடன், அதன் ஒரு மூலையில் சங்கத்துக்கு ஓர் அறை கட்டலாம், ஒரு பிள்ளையார் கோயில் வைக்கலாம் என்ற யோசனை வரும். நல்ல எண்ணத்தில் வருவதுதான், ஆனால் கூடாது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை மருத்துவமனை கட்ட ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்ததை எதிர்த்து அங்கு வசித்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பூங்காவைப் பறிப்பதை எதிர்க்கும் உரிமை அப்பகுதிவாசிகளுக்கு உண்டு என்று 1991இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, அந்த ஒதுக்கீட்டையும் செல்லாது என்றது. மருத்துவமனைக்கே இடமில்லை என்றால் சங்க அறைக்கு எப்படி இருக்கும்? நாமே ஓர் அறையைக் கட்டிவிட்டால், பிறகு வேறொருவர் ஆக்கிரமிக்கும்போது எதிர்த்துப் பேச நமக்கு வாய் இருக்காது.

சாலை வேண்டும் என்ற குரல்தான் உங்கள் கூட்டத்தில் ஓங்கி ஒலித்திருக்கும். ஆனால் செய்யும் வரிசையில் சாலை கடைசியில் வர வேண்டியது. பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால் ஆகிய மூன்றும் முடிந்த பிறகே தார்ச்சாலை. முதலில் சாலையைப் போட்டுவிட்டால் ஆறே மாதத்தில் குழாய் பதிக்கத் தோண்டுவார்கள், பிறகு அந்தப் பள்ளத்தை மூடச் சொல்லி நீங்கள் நடையாய் நடக்க வேண்டியிருக்கும். எனவே முதலில் கேட்க வேண்டியது, "எங்கள் பகுதிக்குப் பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் எந்த ஆண்டுத் திட்டத்தில் இருக்கின்றன?" என்ற கேள்விக்கு எழுத்தில் ஒரு பதில். அதுவரை பள்ளங்களில் செம்மண்ணும் ஜல்லியும் கொட்டிச் சமன் செய்து தரச் சொல்லுங்கள், அது போதும். பின்னாளில் சாலையைப் புதுப்பிக்கும்போது, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவுறுத்தியிருப்பதை நினைவில் வைத்திருங்கள். இல்லாவிட்டால் உங்கள் வாசற்படி சாலைக்குக் கீழே போய்விடும்.

மழைநீர் விஷயத்தில் மாதம்தான் எல்லாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. மக்கள் மனுக் கொடுப்பதோ முழங்கால் அளவு தண்ணீர் நின்ற பிறகு, நவம்பரில். அப்போது அதிகாரிகளால் மோட்டார் வைத்து இறைக்க மட்டுமே முடியும். தூர் வார வேண்டுமென்றால் ஜூன், ஜூலை மாதங்களில் கேட்க வேண்டும். புதிதாக வடிகால் கட்ட வேண்டுமென்றால், அடுத்த நிதியாண்டுக்கான வரவு செலவுத் திட்டம் உருவாகும் நேரத்துக்கு முன்பே, அதாவது டிசம்பர், ஜனவரியிலேயே, வார்டு உறுப்பினரிடமும் உதவிப் பொறியாளரிடமும் கோரிக்கை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைச் சூழ்ந்ததை உங்கள் அக்கம்பக்கத்தில் நேரில் கண்டவர்கள் இன்றும் இருப்பார்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் பக்கம் வடிந்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மழையில் ஒவ்வொரு தெருவிலும் நீர் ஏறிய உயரத்தை விளக்குக் கம்பத்தில் பெயின்ட்டால் குறித்து, தேதியும் நேரமும் தெரியும்படி படமெடுங்கள். பிறகு கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் பாருங்கள். அவற்றில் ஒரு வாய்க்கால் காட்டப்பட்டு, தரையில் அது இல்லாமல் போயிருந்தால், உங்கள் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்த மனு மாநகராட்சிக்கு மட்டுமன்றி வட்டாட்சியருக்கும் போக வேண்டும்.

இவையெல்லாம் நாளாகும் வேலைகள். சங்கத்தின் மேல் நம்பிக்கை பிறக்க முதல் இரண்டு மாதங்களில் கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றாவது நடக்க வேண்டும், அதற்கு நான் தெருவிளக்கையே தேர்ந்தெடுப்பேன். எல்லாக் கம்பங்களுக்கும் எண் எழுதி, எரிபவை, எரியாதவை, கம்பமே இல்லாத இடங்கள் என்று ஒரு மாலையில் பட்டியல் எடுத்துவிடலாம். கம்ப எண்ணோடு வரும் புகாரைத் தட்டிக்கழிப்பது கடினம். காலி மனைக் குப்பைக்கு, பதிவேட்டில் உள்ள முகவரிக்கு ஒரு பதிவுத் தபாலும் சங்கத்தின் செலவில் ஒருமுறை சுத்தம் செய்து கொடுப்பதும் பெரும்பாலும் பலன் தரும். நாய் விவகாரத்தை முதல் ஆண்டில் தொடாதீர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சியின் பொறுப்பு என்று ஒரு மனுக் கொடுத்துவிட்டு அதோடு நிறுத்துங்கள். சோறு வைப்பவர்களும் விரட்டுபவர்களும் ஒரே கூட்டத்தில் மோதினால், பிறந்த சங்கம் தவழ்வதற்குள் பிளந்துவிடும்.

சந்தாவை இவ்வளவு வசூலிக்கலாம் என்று யோசிப்பதை விட, இவ்வளவு செலவாகும் என்பதிலிருந்து தொடங்குங்கள். பதிவுச் செலவு, தணிக்கைக் கட்டணம், தபால், நகல், ஆண்டுக்கு இரண்டு முறை புதர் வெட்டும் கூலி ஆகியவற்றைக் கூட்டி, 60ஆல் அல்ல, 45ஆல் வகுத்துப் பாருங்கள். முதல் ஆண்டில் எல்லோரும் தர மாட்டார்கள். வரிப் பணத்தில் நடக்க வேண்டிய வேலைக்குச் சந்தாப் பணத்தை இறைக்க வேண்டாம். பூங்கா வேலி போன்ற பெரிய வேலைக்கு நாமும் பங்களிக்கலாம் என்று பொதுக்குழு முடிவு செய்தால், 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு தரும் ஏற்பாடு இருக்கிறது. அதை விசாரித்துவிட்டு வசூலில் இறங்குங்கள்.

மூன்றாவது கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, யாராவது ஒருவர் வீட்டு மாடியில் வையுங்கள். இரவு எட்டு மணிக்கு வைத்தால் பெண்கள் வர இயலாது, தண்ணீர் லாரி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதை அவர்களே சரியாகச் சொல்வார்கள். அன்றைக்கு இரண்டே தீர்மானங்கள் போதும். சங்கத்தை அமைத்து, ஏழு பேருக்குக் குறையாமல் கையொப்பமிடுவது ஒன்று. வரைபட நகலும் தானப் பத்திர நகலும் கேட்டு இந்த வாரத்துக்குள் விண்ணப்பிப்பவர் யார் என்று பெயர் குறித்து எழுதுவது மற்றொன்று. சாலை, நாய், குப்பை என்று யாராவது பேச்செடுத்தால் மறுக்காமல் பட்டியலில் எழுதிக்கொண்டு, அடுத்த கூட்டத்தின் தேதியைச் சொல்லி அனுப்பிவையுங்கள்.