கர்னாக்கின் சிவப்புக் கோயிலும் வெள்ளைக் கோயிலும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எகிப்தில் கர்னாக் கோயில் வளாகத்தின் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கும் ஹட்ஷெப்சுட் அரசியின் சிவப்புக் கோயில் பழையதா, புதிதாகக் கட்டியதா? அதன் சொந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கக் கூடாதா?

கல் பழையது, அடுக்கியதுதான் புதிது. அமுன் தெய்வத்தின் சிலையைச் சுமந்துவரும் திருப்படகை எழுந்தருளச் செய்ய, கி.மு. 15ஆம் நூற்றாண்டில் சிவப்புக் குவார்ட்சைட்டிலும் கரிய கல்லிலும் எழுந்த கோயில் அது. அரசிக்குப் பின் ஆண்ட மன்னர் மூன்றாம் துட்மோஸ் காலத்தில் அதைப் பிரித்துவிட்டார்கள். பிறகு மன்னர் மூன்றாம் அமென்ஹோடெப் கட்டிய மூன்றாம் கோபுரவாயிலுக்குள் அதன் கற்கள் பல நிரப்புக்கல்லாகப் போயின. அதன் சொந்த இடத்தில் இன்று, அலெக்சாண்டருக்குப் பின் பட்டமேறிய பிலிப் அர்ரிடேயஸ் பெயரிலான கிரானைட் கோயில் நிற்கிறது. ஒன்றை நிறுத்த இன்னொன்றை இடிக்க முடியாது.

300க்கும் மேற்பட்ட கற்கள் கிடைத்தும் அவை பல்லாண்டுகள் தரையில் வரிசையாகத்தான் கிடந்தன. வழக்கமாகச் சுவரை எழுப்பிய பிறகே செதுக்குவார்கள். ஓர் உருவத்தின் தோள் ஒரு கல்லிலும் இடுப்பு அடுத்த கல்லிலும் வரும்; அதை வைத்தே பக்கத்துக் கல்லைக் கண்டுபிடித்துவிடலாம். இங்கே பெரும்பாலும் ஒரு கல்லுக்கு ஒரு காட்சி, அந்தக் கல்லிலேயே முடிந்துவிடுகிறது. அப்போது கல்லின் உயரம், வெளிமுகத்தின் சரிவு, மேல்முகத்தில் கற்களைப் பிணைத்த கட்டையின் பள்ளம், எழுத்து ஓடும் திசை ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டும். 1997க்குப் பிறகே கர்னாக் கோயில்களை ஆராயும் பிரெஞ்சு–எகிப்திய மையம் அதை அடுக்கி எழுப்பியது. கிடைக்காத கற்களின் இடம் வேலைப்பாடில்லாமல் வெறுமையாக இருக்கிறது. அதுவே நேர்மையான முறை.

சுவரில் சில இடங்களில் அரசியின் உருவம் கொத்திச் சிதைக்கப்பட்டிருக்கும், பக்கத்திலேயே சிதையாமல் இருக்கும். கோயிலைப் பிரித்துக் குவித்த பிறகு கைக்கு எட்டிய கல்முகங்களை மட்டும் கொத்தியதன் தடயம் இது.

கேள்வி: மன்னர் முதலாம் செனுஸ்ரெத்தின் வெள்ளைக் கோயில் அதைவிடப் பழையதாயிற்றே, செதுக்கல் எப்படி இவ்வளவு கூர்மையாக இருக்கிறது?

அதைக் காப்பாற்றியதும் அந்த மூன்றாம் கோபுரவாயில்தான். சுண்ணாம்புக்கல் வெயிலும் காற்றும் படாமல் ஏறக்குறைய 3,300 ஆண்டுகள் உள்ளே அடைந்து கிடந்தது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஆன்ரி ஷெவ்ரியே 1920களில் தொடங்கி கல் கல்லாக வெளியே எடுத்து, 1930களின் பிற்பகுதியில் திரும்ப நிறுத்தினார். அடித்தளத்தைச் சுற்றிப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்: மேல் எகிப்தின் 22 மாகாணங்களும் கீழ் எகிப்தின் மாகாணங்களும் அளவுகளோடு அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. நாட்டின் நீளம் 106 'இதெரு' என்கிறது கணக்கு. இதெரு என்பது பழைய எகிப்தின் நீள அளவு; ஓர் இதெரு சுமார் 10.5 கிலோமீட்டர்.

கேள்வி: வெளியே வைத்தால் கெட்டுப்போகாதா?

மழையைவிட நிலத்தடி நீர்தான் பெரிய பகை. கல்லுக்குள் ஏறும் ஈரம் உப்பையும் சுமந்துவருகிறது. ஈரம் உலர்ந்ததும் உப்பு படிகமாகிப் பருத்து, செதுக்கிய மேல்தோலைச் செதில் செதிலாகத் தள்ளிவிடுகிறது. உதிரிக் கற்களை மண்ணில் கிடத்தாமல், ஈரம் ஏறாத மேடை கட்டி அதன்மேல் வைப்பது இதனால்தான்.

கேள்வி: எந்த நேரத்தில் போனால் நன்றாகப் பார்க்கலாம்?

முதல் முற்றத்தின் வடபக்கம் அருங்காட்சியகம். காலையில் திறந்தவுடன் போங்கள், அல்லது மாலையில். உச்சிவெயிலில் வெள்ளைக் கோயிலின் மெல்லிய புடைப்புச் செதுக்கல் தட்டையாகத் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில் சிறகின் ஒவ்வோர் இழையும் எழுந்து நிற்கும். தூண்களைத் தொடாதீர்கள், விரலின் எண்ணெய் சுண்ணாம்புக்கல்லில் கறையாக ஊறிவிடும்.