சராசரிக்குள் ஒளியும் வறுமை

வார்டின் சராசரி வருமானம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, அதில் பின்தங்கிய இரண்டு தெருக்களுக்கு நிதி மறுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சராசரியை விடுங்கள், பத்து வசதியான வீடுகள் போதும் அதைத் தூக்கிவிட. மீடியன் கேளுங்கள், அதாவது வருமானங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகை; கிடைத்தால் தெருவாரியாக.

வருமானத்தோடு நிற்கவும் வேண்டாம். ஐ.நா. 2010 முதல் வெளியிடும் பல்பரிமாண வறுமைக் குறியீடு, உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் சார்ந்த 10 விஷயங்களைப் பார்க்கிறது. சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர் எல்லாம் அதில் உண்டு. நீங்களே வீடு வீடாகக் கேட்டுக் குறித்துவிடலாம்.

ஒன்றில் மட்டும் கவனம். 40 வீடுகளில் பள்ளி இடைநிற்றல் 2-லிருந்து 4 ஆக உயர்ந்தால் 'இரட்டிப்பு' என்று எழுதாதீர்கள். இவ்வளவு சிறிய எண்ணிக்கை தற்செயலாகவே கூடிக் குறையும், ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடுவார்கள். சில வருடங்களைச் சேர்த்துக் காட்டுங்கள்.